பூங்காப் பயணக் கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்



பொங்கல் முடிந்த கையோடு அமெரிக்கத் தமிழ் வீடுகளில் கோடைப் பயணப் பேச்சு தொடங்கிவிடுகிறது. டல்லாஸ், நியூ ஜெர்சி, சான் ஹோசே என்று ஊர் எதுவானாலும் நடைமுறை ஒன்றுதான். மூன்று குடும்பங்கள் சேரும். ஒரு வீட்டில் ஊரிலிருந்து வரப்போகிற அப்பா அம்மா இருப்பார்கள். பத்து வயதுக்குக் கீழே நாலைந்து வாண்டுகள். வாட்ஸ்அப்பில் புதுக் குழு முளைக்கும். கணக்கில் கெட்டிக்காரரான ஒருவர் கூகுள் ஷீட்டைத் திறந்து முதல் கட்டத்தில் தேதி, இரண்டாவதில் பூங்கா, மூன்றாவதில் வண்டி ஓட்டும் நேரம் என்று நிரப்பிக்கொண்டே போவார். தங்குமிடம் என்கிற நான்காவது கட்டம் மட்டும் ஏப்ரல் வரை காலியாகக் கிடக்கும்.

இந்த மடல் அந்த நான்காவது கட்டத்தைப் பற்றியது.

"ஹோட்டல்தானே, கிடைக்காமலா போகும்?" என்பது நெடுஞ்சாலைக்குச் சரியான பேச்சு. எந்த எக்ஸிட்டில் இறங்கினாலும் நாலு மோட்டல் இருக்கும். ஆனால் அமெரிக்காவின் 63 தேசியப் பூங்காக்களில் பெரும்பாலானவை அந்த நெடுஞ்சாலைகளை விட்டு வெகுதூரம் விலகிக் கிடப்பவை. உள்ளே இருக்கிற அறைகள் கொஞ்சம். வாசலை ஒட்டிய ஊர்களோ ஒரு தெருவும் இரண்டு பெட்ரோல் பங்கும் மட்டுமே உள்ளவை. அங்கே எந்த இரவு எந்த ஊரில் படுக்கை கிடைக்கிறது என்பதுதான் பாதையைத் தீர்மானிக்கும். பாதையை முதலில் போட்டுவிட்டு அறை தேடுகிறவர்கள், ஒன்றரை மணி நேரத் தொலைவில் ஏதோ ஓர் ஊரில் அறை பிடித்து, விடுமுறையில் பாதியைக் காருக்குள் கழிக்கிறார்கள்.

இதற்கு யெல்லோஸ்டோனைவிட நல்ல பாடம் கிடையாது. 1872இல் உலகின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம் அது. பரப்பு ஏறத்தாழ 8,980 சதுர கிலோமீட்டர்; நம் சிக்கிம் மாநிலமே அதைவிடச் சிறியது. உள்ளே எட்டு என்கிற எண்ணைப் போல வளைந்து ஓடும் வட்டச் சாலை மட்டும் 142 மைல். வேக வரம்பு பெரும்பாலான இடங்களில் 45 மைல். அதுவும் காகிதத்தில்தான். ஹேடன் பள்ளத்தாக்கில் ஒரு காட்டெருமைக் கூட்டம் சாலையின் நடுவே நடக்க முடிவு செய்துவிட்டால், அது நகரும்வரை எல்லோரும் எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஹாரன் அடித்துப் பயனில்லை, அடிக்கவும் கூடாது.

நம் கமிட்டிகள் பெரும்பாலும் செய்வது என்ன? மேற்கு வாசலில் உள்ள வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊரில் ஹோட்டல்கள் நிறைய. நான்கு இரவுக்கும் அங்கேயே போட்டுவிடுவார்கள். ஓல்டு ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்றுக்கு அது வசதிதான், 30 மைல். ஆனால் ஓநாயும் கரடியும் பார்க்க விரும்புகிறவர்கள் போக வேண்டிய லாமார் பள்ளத்தாக்கு பூங்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது. வெஸ்ட் யெல்லோஸ்டோனிலிருந்து ஏறத்தாழ 80 மைல், இரண்டு மணி நேரத்துக்கு மேல். விலங்குகள் வெளிப்படுவது விடியலில். ஜூன் மாதம் அங்கே ஐந்தரை மணி சுமாருக்கு வெளுத்துவிடும். அப்படியானால் தூங்குகிற பிள்ளைகளை மூன்று மணிக்கு அள்ளிக் காரில் போட வேண்டும். மூன்று குடும்பமும் மூன்று மணிக்குக் கிளம்பிய வரலாறு தமிழர்களிடையே முகூர்த்தத்துக்கு மட்டும்தான் உண்டு.

செய்ய வேண்டியது எளிது. இரவுகளைப் பிரித்துக்கொள்ளலாம். வடக்கே கார்டினர் ஊரிலோ, உள்ளே மேமத் விடுதியிலோ இரண்டு இரவு. அங்கிருந்து லாமார் ஒரு மணி நேரத் தொலைவு. பிறகு ஓல்டு ஃபெய்த்ஃபுல் பக்கமோ வெஸ்ட் யெல்லோஸ்டோனிலோ இரண்டு இரவு. இடம் மாறப் பிடிக்காதவர்களுக்குப் பூங்காவின் நடுப்பகுதியில் கேன்யன் விடுதி இருக்கிறது. 500 அறைகளுக்கு மேல் கொண்ட, உள்ளே இருப்பதிலேயே பெரிய விடுதி அதுதான்.

உள்ளே தங்குவது என்றால் என்ன என்பதையும் அப்பா அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. டிவி கிடையாது. பழைய விடுதிகளில் ஏசியும் கிடையாது. அந்த உயரத்தில் தேவையும் இல்லை. மரத்தாலேயே எழும்பி நிற்கும் ஓல்டு ஃபெய்த்ஃபுல் இன், 1904இல் திறந்தது. ராபர்ட் ரீமர் வடிவமைத்த அந்தக் கூடத்தை அண்ணாந்து பார்க்கவே பலர் வருகிறார்கள். ஆனால் அதன் பழைய கட்டடத்தில் சில அறைகளுக்குக் குளியலறையும் கழிப்பறையும் வெளியே, பொதுவில். நள்ளிரவில் இரண்டு முறை எழுந்திருக்கும் பெரியவரைக் கூட்டிப்போகிறவர்கள், பதிவு செய்யும்போதே அறை விவரத்தின் கடைசி வரிவரை படிக்க வேண்டும்.

யெல்லோஸ்டோன் விடுதிகளுக்கு ஓராண்டுக்கும் மேல் முன்னதாகவே பதிவு திறக்கிறது. யோசெமிட்டியிலும் ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே. ஜனவரியில் அதே ஆண்டின் ஜூலைக்குத் தேடினால் வெறும் கோடுகள்தான் தெரியும். அதற்காக மனம் விட வேண்டாம். இடம் பிடித்தவர்கள் திட்டம் மாற்றுவார்கள். பணம் பிடிக்காமல் ரத்து செய்யும் கெடு நெருங்கும்போது அறைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். ஆகவே வாசலுக்கு வெளியே, ரத்து செய்யக்கூடிய ஹோட்டலை முதலில் பிடித்துக்கொண்டு, பிறகு தினமும் ஒரு முறை உள்ளே எட்டிப் பார்ப்பதே கெட்டிக்காரத்தனம். பதிவுக்குப் போகும்போது தேசியப் பூங்காத் துறையின் தளத்திலிருந்து கிளம்பி, அங்கே சுட்டியிருக்கும் விடுதித் தளத்துக்குள் நுழைவது நல்லது. கூகுளில் தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் இடைத்தரகர்களின் தளங்கள். அவர்கள் வாங்கும் சேவைக் கட்டணம் திரும்பாது.

மூன்று குடும்பத்துக்கும் அடுத்தடுத்த அறை வேண்டும் என்கிற பிடிவாதமும் பல திட்டங்களைக் கவிழ்த்திருக்கிறது. ஒரே இரவில் ஒரே விடுதியில் மூன்று அறை கிடைப்பது அரிது. ஒரு அறை இங்கே, இரண்டு அறை பத்து மைல் தள்ளி என்று கிடைப்பது எளிது. இரவுச் சாப்பாட்டை மட்டும் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

ரத்து செய்யக்கூடிய அறையைப் பிடியுங்கள் என்பது சும்மா சொல்லும் எச்சரிக்கை அல்ல. 2022 ஜூனில் பனி உருகலும் மழையும் சேர்ந்து யெல்லோஸ்டோனில் பெருவெள்ளம் வந்தது. வடக்கு வாசல் சாலை துண்டு துண்டாக ஆற்றோடு போனது. 10,000 பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள்; ஐந்து வாசல்களும் மூடப்பட்டன. ஒன்பது நாள் கழித்துத் தெற்குப் பகுதியைத் திறந்தபோது, வண்டி எண் ஒற்றையா இரட்டையா என்று பார்த்து நாள் விட்டு நாள் உள்ளே அனுமதித்தார்கள். அந்த வாரம் பணம் திரும்பாத அறைகளைக் கையில் வைத்திருந்தவர்கள் எப்படித் தவித்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, கமிட்டிகளின் செல்லப் பிள்ளையான யூட்டா வட்டம். லாஸ் வேகஸில் இறங்கி, சயான், பிரைஸ் கேன்யன், கேப்பிட்டல் ரீஃப், மோவாப் ஊரில் தங்கி ஆர்ச்சஸும் கேன்யன்லேண்ட்ஸும், மானுமென்ட் வேலி, பேஜ், கிராண்ட் கேன்யன், மறுபடி வேகஸ். சுற்றி வர ஏறத்தாழ 1,200 மைல். இதை ஏழு நாளில் முடித்துவிடலாம் என்று ஷீட் சொல்லும். ஷீட்டுக்கு முதுகுவலி வராது.

ஏழு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் பாதி வட்டத்தை விட்டுவிடுவதே நியாயம். சயானும் பிரைஸும் கிராண்ட் கேன்யனும் மட்டும் போதும். இந்தப் பகுதியில் பலர் கவனிக்காத நல்ல தங்குமிடம் கனாப் என்கிற சிறிய ஊர். சயானின் கிழக்கு வாசல் அங்கிருந்து முக்கால் மணி நேரத்துக்குள். பிரைஸ் ஒன்றரை மணி. பேஜும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். சமையலறையோடு வாடகை வீடுகளும் கிடைக்கும். ஒரே கூரையின் கீழ் மூன்று நான்கு இரவு, பெட்டியைத் தினமும் கட்டி அவிழ்க்காமல்.

சயானைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதன் முக்கியப் பள்ளத்தாக்குச் சாலையில் 2000ஆம் ஆண்டு முதல் கோடையில் சொந்த வண்டிகளுக்கு இடமில்லை. இலவச ஷட்டில் பேருந்துதான். பார்வையாளர் மையத்தின் வண்டி நிறுத்துமிடம் காலையிலேயே நிரம்பிவிடும். ஸ்பிரிங்டேல் ஊரில் தங்கினால் ஊருக்குள் ஓடும் ஷட்டிலில் ஏறிப் பூங்கா வாசல்வரை போகலாம். காரைத் தொடவே வேண்டாம். அங்கே ஓர் இரவுக்குக் கொடுக்கிற கூடுதல் பணம் இரண்டு மணி நேரத்தை மிச்சப்படுத்தும். அங்குள்ள ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்கிற பாறை முகட்டில் ஏற நினைப்பவர்களுக்கு 2022 ஏப்ரலிலிருந்து குலுக்கல் முறையில் அனுமதிச் சீட்டு வேண்டும்.

கிராண்ட் கேன்யனில்தான் வரைபடம் அதிகம் ஏமாற்றுகிறது. தெற்கு விளிம்புக்கும் வடக்கு விளிம்புக்கும் பறவை பறந்தால் 10 மைல். காரில் 200 மைலுக்கு மேல், நாலரை மணி நேரம். நடுவில் இருப்பது ஒரு மைல் ஆழப் பள்ளம் அல்லவா. 'காலை தெற்கு, மாலை வடக்கு' என்று எழுதிய ஷீட்டுகள் உண்டு. போதாததற்கு, வடக்கு விளிம்பில் இருந்த பழைமையான கிராண்ட் கேன்யன் லாட்ஜ் 2025 ஜூலைக் காட்டுத்தீயில் எரிந்துபோனது. பழைய பயணக் குறிப்புகளை நம்பி அதைப் பட்டியலில் வைத்திருப்பவர்கள் அழித்துவிடலாம்.

பிரைஸுக்கும் பேஜுக்கும் நடுவே போன் ஒரு குறுக்கு வழியைக் காட்டும். காட்டன்வுட் கேன்யன் சாலை. தூரம் குறைவுதான், ஆனால் மண் சாலை. மழை பெய்தால் அந்தக் களிமண் சோப்பாக மாறிவிடும். தார் போடாத சாலையில் ஓட்டக் கூடாது என்று பெரும்பாலான வாடகை கார் ஒப்பந்தங்களில் எழுதியும் இருக்கிறது. இன்னொரு பக்கம், இன்டர்ஸ்டேட் 70இல் சலைனாவுக்கும் கிரீன் ரிவருக்கும் நடுவே ஏறத்தாழ 110 மைலுக்குப் பெட்ரோலும் இல்லை, டீயும் இல்லை. பாதி டேங்க் இருக்கிறதே என்று சலைனாவைத் தாண்டாமல் இருப்பது உத்தமம்.

நேரக் குழப்பமும் இந்தப் பகுதிக்கே உரியது. அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. ஆனால் அதே அரிசோனாவுக்குள் இருக்கும் நவஹோ நாடு மாற்றுகிறது. ஆகவே நவஹோ நாட்டிலுள்ள மானுமென்ட் வேலியிலிருந்து காலை 10 மணிக்குக் கிளம்பி இரண்டு மணி நேரம் ஓட்டினால், அதற்கு வெளியே அரிசோனா நேரத்தில் இருக்கும் பேஜில் மணி 11தான். மறுதிசையில் போகிறவர்களுக்கு ஒரு மணி நேரம் பறிபோகும். பேஜை ஒட்டியிருக்கும் ஆன்டிலோப் கேன்யனுக்கு வழிகாட்டியோடுதான் போக முடியும். சீட்டு குறிப்பிட்ட நேரத்துக்கு. பதிவு செய்யும்போது எந்த ஊர் நேரம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மானுமென்ட் வேலியும் ஆன்டிலோப் கேன்யனும் நவஹோ மக்களின் பூங்காக்கள் என்பதால் தேசியப் பூங்காக்களுக்கான ஆண்டு நுழைவு அட்டை அங்கே செல்லாது. இதை வாசலில் நின்று வாதாடுகிற நம்மவர்களைப் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

மலைச் சாலைகள் பள்ளி விடுமுறையைக் கேட்டுத் திறப்பதில்லை. யோசெமிட்டியின் டியோகா கணவாய் 3,031 மீட்டர் உயரம். நவம்பர் வாக்கில் மூடினால் வழக்கமாக மே கடைசியிலோ ஜூனிலோ திறக்கும். பெரும்பனி பெய்த 2023இல் அது திறந்தது ஜூலை 22ஆம் தேதி. ஜூன் முதல் வாரத்துக்கு மலைக்குக் கிழக்கே லீ வைனிங்கில் அறை போட்டுவிட்டு, மேற்கே பள்ளத்தாக்குக்குள் போகலாம் என்று நினைப்பவர்கள், கணவாய் மூடியிருந்தால் மலைத்தொடரையே சுற்ற வேண்டிவரும். யோசெமிட்டி பள்ளத்தாக்குதான் நோக்கம் என்றால் மேற்கே எல் போர்ட்டலோ மாரிபோசாவோ பத்திரம். அங்கிருந்து யார்ட்ஸ் பேருந்தும் உள்ளே போகிறது.

மொன்டானாவின் கிளேசியர் பூங்காவில் கோயிங் டு த சன் சாலை முழுவதுமாகத் திறப்பது பெரும்பாலும் ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ. அங்கே இன்னொரு சிக்கல் உண்டு. மூன்று குடும்பமும் ஒரே வேனில் போகலாம் என்கிற கமிட்டிகள் கவனிக்கவும். அந்த மலைப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டி போகக் கூடாது. 15 பேர் உட்காரும் நீள வேன்களில் சில ஏறத்தாழ 22 அடி. ஓரடிக்காக மொத்தக் கூட்டமும் திரும்ப வேண்டியதுதான்.

கட்டணமும் விதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. யோசெமிட்டி 2020 முதல் 2022 வரை உள்ளே நுழையவே முன்பதிவு கேட்டது. 2023இல் கேட்கவில்லை. 2024இல் மறுபடி கேட்டது. போன வருடம் போய்வந்த நண்பர் சொன்னார் என்பது இங்கே ஆதாரம் ஆகாது. 2026 ஜனவரி 1 முதல் வேறொரு மாற்றம். அமெரிக்காவில் குடியிருப்பவர்களுக்கு ஆண்டு அட்டை 80 டாலர். வெளிநாட்டுப் பயணிகளுக்கு 250 டாலர். அட்டை இல்லாமல் வரும் 16 வயது நிரம்பிய வெளிநாட்டினரிடம், யெல்லோஸ்டோன், யோசெமிட்டி, கிராண்ட் கேன்யன், சயான், பிரைஸ் உள்ளிட்ட 11 பூங்காக்களில் வழக்கமான கட்டணத்தோடு தலைக்கு 100 டாலர் கூடுதலாக வாங்குகிறார்கள். விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிப்போகிறவர்கள், எந்த அட்டையை யார் பெயரில் எடுப்பது என்று பூங்காத் துறையின் தளத்தில் சரிபார்த்துவிட்டு வாங்கட்டும். வாங்கியவர் அடையாள அட்டையோடு அதே காரில் இருக்க வேண்டும்.

இனி சாப்பாடு. அதுதானே உண்மையான கமிட்டிக் கூட்டம்.

யெல்லோஸ்டோன் விடுதி அறைகளில் சமையலறை கிடையாது. ரைஸ் குக்கரைப் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுபோய், ஜன்னலைத் திறந்துவைத்துத் தாளிக்கிற வீரர்களுக்கு ஒரு வார்த்தை: பழைய மரக் கட்டடம், புகை எச்சரிக்கை மணி, நள்ளிரவில் போர்வையோடு முற்றத்தில் நிற்கும் 200 விருந்தினர்கள். வேண்டாம். வாசலுக்கு வெளியே சமையலறை உள்ள வீட்டில் இரண்டு இரவு, உள்ளே விடுதியில் இரண்டு இரவு என்று கலந்து போட்டால், வெளியே இருக்கும்போது புளியோதரையும் சப்பாத்தியும் செய்து ஐஸ் பெட்டியில் எடுத்துக்கொள்ளலாம். பூங்காவுக்குள் மேசை போட்ட உணவுத் திடல்கள் ஏராளம். பெரும்பாலானவற்றில் சிறு கேஸ் அடுப்பில் சூடு பண்ணிக்கொள்ளலாம். கேஸ் உருளையை விமானத்தில் ஏற்ற முடியாது; இறங்கிய ஊரில் வாங்க வேண்டும். யோசெமிட்டியில் இருட்டிய பிறகு காருக்குள் சாப்பாட்டு வாசனை எதுவும் இருக்கக் கூடாது என்பது சட்டம். ஊறுகாய், முறுக்கு, டூத் பேஸ்ட் எல்லாமே அங்குள்ள இரும்புப் பெட்டிக்குள் போக வேண்டும். கரடிக்குக் கார்க் கதவைப் பிய்க்கத் தெரியும்.

பெரியவர்களுக்காக உயரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓல்டு ஃபெய்த்ஃபுல் ஏறத்தாழ நம் ஊட்டி உயரம், 2,240 மீட்டர். பிரைஸின் விளிம்பு அதைவிடவும் மேலே. அங்குள்ள பிரைஸ் பாயின்ட் 2,500 மீட்டரைத் தாண்டும். சென்னையிலிருந்து வந்திறங்கிய மூன்றாம் நாளே அங்கே ஏற்றினால் மூச்சு வாங்கும். முதல் இரவைத் தாழ்வான சயானில் வைத்து, அதன் பிறகு பிரைஸ் போவது நல்ல வரிசை. சயானின் பாரஸ் பாதையில் சக்கர நாற்காலியும் போகும். பிரைஸில் சன்ரைஸ், சன்செட் முனைகளுக்கு நடுவே தார்ப்பாதை இருக்கிறது. ஆர்ச்சஸின் டெலிகேட் ஆர்ச்சுக்கு நிழலே இல்லாத பாறையில் போக வர மூன்று மைல் ஏறி இறங்க வேண்டும். ஆனால் அதே வளைவைத் தூரத்திலிருந்து பார்க்க, வண்டி நிறுத்துமிடத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் எட்டுகிற ஒரு முனையும் உண்டு. தாத்தா பாட்டியை அங்கே உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் ஏறலாம்.

இரண்டு மூன்று கார்களாகப் போகிறவர்கள் போனை நம்ப வேண்டாம். பூங்காவுக்குள் பெரும்பகுதியில் சிக்னல் இல்லை. வரைபடத்தை முந்தின இரவே இறக்கிவைத்து, பிரிந்துவிட்டால் எந்த இடத்தில், எத்தனை மணிக்குச் சேர்வது என்று காலையிலேயே பேசிவிட வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு யூட்டாவிலும் வயோமிங்கிலும் நெடுந்தூரம் ஓட்டுவதைத் தவிர்ப்பது நல்லது. மான்கள் சாலைக்கு வரும் நேரம் அதுதான். சில இடங்களில் வேலியே இல்லாமல் மாடுகளும் மேய்கின்றன.

ஆகவே கமிட்டி அன்பர்களே, இந்தத் தடவை ஷீட்டின் நான்காவது கட்டத்தை முதல் கட்டமாக மாற்றிப் போடுங்கள். அப்பா அம்மாவுக்கு விமான டிக்கெட் எடுப்பதற்கு முன், அந்த வாரத்தில் அறை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பூங்காவைக் குறைத்து ஓர் இரவைக் கூட்டுங்கள். அடுத்த கோடைக்கு யெல்லோஸ்டோன் போவதாக இருந்தால் பொங்கல்வரை காத்திருக்க வேண்டாம். அந்த அறைகள் அதற்குள் பெரும்பாலும் போயிருக்கும்.